கடல் தண்ணீரைக் கலந்து குடித்தால் தாக்குப்பிடிக்க முடியாதா?

தாழங்காடு

போன மாதம் எங்கள் மாமா படகில் நடந்ததை வைத்து ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நான்கு பேராகப் போனார்கள். கோடியக்கரைக்குக் கிழக்கே எஞ்சின் நின்றுவிட்டது. வாக்கிடாக்கியிலும் சார்ஜ் போய்விட்டது. நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய், இரண்டு இரவும் மூன்றாம் நாள் பகலும் மிதந்திருக்கிறார்கள். இருபது லிட்டர் கேனில் சோறு பொங்கியதும் குடித்ததும் போக, இரண்டாம் நாள் காலையில் ஐந்து லிட்டர் மீதி. அப்போது ஒரு யோசனை வந்திருக்கிறது. மீதித் தண்ணீரில் கொஞ்சம் கடல் தண்ணீரை ஊற்றினால் அளவு கூடுமே, கரித்தாலும் தொண்டை நனையுமே என்று. ஒன்றேகால் லிட்டர் அளவுக்கு ஊற்றிவிட்டார்கள்.

அன்று இரவு, கூட வந்த பத்தொன்பது வயதுப் பையன் யாரும் பார்க்காத நேரத்தில் கடலிலேயே குனிந்து அள்ளி அள்ளிக் குடித்துவிட்டான். விடிவதற்குள் வாந்தி, பேதி. காலையில் "அந்தா கரை தெரியுது, நான் இறங்கி நடந்து போறேன்" என்று எழுந்து நின்றிருக்கிறான். மாமா அவன் இடுப்பில் கயிறு போட்டு, படகின் முன்பக்கமான அணியத்தில் கட்டிவைத்தார். மத்தியானம் வேறொரு படகு கண்டு இழுத்துக்கொண்டு வந்தது. மற்ற மூவரும் இரண்டே நாளில் நடமாடினார்கள். பையனுக்கு மட்டும் நான்கு நாள் டிரிப்ஸ்.

மாமா சொல்வது ஒன்றுதான்: "கடத்தண்ணி உள்ள போறப்ப தனியா போவும். வர்றப்ப உள்ள இருக்கிறதையும் கூட்டிக்கிட்டு வரும்."

எனக்குப் புரியாதது இது. உப்புதானே? அதை வெளியேற்றத்தானே சிறுநீரகம் இருக்கிறது? கருவாடும் ஊறுகாயும் தின்கிற உடம்புக்குக் கடல் தண்ணீர் மட்டும் ஏன் ஆகாது? அந்தக் கலந்த தண்ணீர் அவர்களைக் காப்பாற்றியதா, கெடுத்ததா?

திண்ணைப்பூனை

பையன் இப்போது எப்படி இருக்கிறான்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தாழங்காடு

நன்றாக இருக்கிறான். கடலுக்குப் போகமாட்டேன் என்கிறான். அவன் அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

பழைய மாலுமி

தம்பி, நான் முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன், தூத்துக்குடி. எங்களுக்குப் பயிற்சியில் முதலில் மண்டையில் ஏற்றுகிற பாடமே இதுதான்: உயிர்காப்புப் படகில் ஏறினால் கடல் தண்ணீரையும் தொடாதே, மூத்திரத்தையும் தொடாதே. காரணத்தை யாராவது படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உன் மாமா படகில் ஐஸ் எடுத்துப் போகவில்லையா?

உப்புக்கணக்கு

திருச்சியில் டயாலிசிஸ் டெக்னீஷியன் நான். தினமும் தண்ணீர், உப்புக் கணக்கோடுதான் பிழைப்பு. அதனால் இதை எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. உங்கள் ரத்தத்தின் உப்புத்தன்மை ஏறக்குறைய 0.9 சதவீதச் சலைன் பாட்டிலுக்குச் சமம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். ஆக, கடல் நம் ரத்தத்தைப் போல நான்கு மடங்கு கரிப்பு. ஊறுகாய், கருவாடு கதை வேறு. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் ஒரு சொம்பு நல்ல தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? சிறுநீரகம் உப்பைத் தனியாக, பொடியாக வெளியே கொட்டாது. தண்ணீரில் கரைத்துத்தான் அனுப்பும். ஒரு கிராம் உப்பை அனுப்ப எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மனிதச் சிறுநீரில் உப்பை எவ்வளவுதான் செறிவாக்கினாலும் அது 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். லிட்டருக்கு 20 கிராம் என்று வையுங்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் வந்த 35 கிராமை வெளியேற்ற ஒன்றே முக்கால் லிட்டர் சிறுநீர் வேண்டும். வரவு ஒரு லிட்டர், செலவு ஒன்றே முக்கால். மிச்ச முக்கால் லிட்டர் எங்கிருந்து வரும்? உங்கள் சதையிலிருந்தும் ரத்தத்திலிருந்தும்தான். மாமா சொன்ன "கூட்டிக்கிட்டு வரும்" என்பது இதுதான். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கமாட்டார்கள்.

இது சிறுநீரகக் கணக்கு மட்டும். குடல் கணக்கு இன்னும் மோசம். கடலில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மக்னீசியமும் சல்ஃபேட்டும் நிறைய இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நம் ஊர் மருந்துக்கடையில் விற்கிற பேதி உப்பு. குடல் அதை உறிஞ்சாது. குடலுக்குள்ளேயே தங்கி, சுற்றியிருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். பையனுக்கு விடிவதற்குள் பேதியானது அதனால்தான்.

சந்தேகப்பேர்வழி

ஒரு நிமிடம். நானும் கணக்கு போட்டுப் பார்த்தேன். கரைபொருள் செறிவை மில்லிஆஸ்மோலில் அளப்பார்கள். கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 1100. மனிதச் சிறுநீர் அதிகபட்சம் 1200 என்று எல்லா உடலியல் பாடத்திலும் இருக்கிறது. 1100-ஐ 1200 ஆல் வகுத்தால் 917 மில்லி. ஆக ஒரு லிட்டர் குடித்து 917 மில்லி கழித்தால் 83 மில்லி லாபம்தானே? நட்டம் எங்கே வந்தது?

உப்புக்கணக்கு

நல்ல கேள்வி. எங்கள் பயிற்சி வகுப்பில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

அந்த 1200 முழுவதும் உப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் இல்லை. பேருந்தில் மொத்தம் ஐம்பது இருக்கை என்றால் ஐம்பதும் உங்கள் கல்யாண கோஷ்டிக்கே கிடைக்குமா? யூரியா என்கிற புரதக் கழிவு ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடாமல் கிடந்தாலும் உடம்பு தன் தசையை எரித்து யூரியா உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு இப்படிக் கழிக்கவேண்டிய கழிவு சுமார் 600 மில்லிஆஸ்மோல். அதற்கே அரை லிட்டர் சிறுநீர் போய்விடும். ஒரு லிட்டர் கடல் தண்ணீர் குடித்த நாளில் 1100-உம் 600-உம் சேர்ந்து 1700. அதை 1200 ஆல் வகுத்துப் பாருங்கள். 1.4 லிட்டர்.

சந்தேகப்பேர்வழி

அந்த 600 கடல் தண்ணீர் குடிக்காவிட்டாலும் போகவேண்டியதுதானே? அதை ஏன் கடல் தண்ணீரின் தலையில் கட்டுகிறீர்கள்?

உப்புக்கணக்கு

பிடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்த வாதம் அரைகுறைதான். சரியான பதில் சோடியத்தில் இருக்கிறது. சிறுநீர் 1200-ஐத் தொடுவது யூரியாவின் துணையோடுதான். யூரியாவை நன்றாகச் செறிவாக்கத் தெரிந்த சிறுநீரகத்துக்குச் சோடியத்தைக் கடல் அளவுக்கு ஏற்றத் தெரியாது. அதனால்தான் முதலில் உப்பை மட்டும் தனியாக எடுத்து 2 சதவீதக் கணக்குப் போட்டேன்.

இன்னொன்று, 1200 என்பது நல்ல திடகாத்திரமான இளைஞனின் உச்சம். வயது ஏற ஏற இது குறையும். இரண்டு நாள் வெயிலில் கிடந்தவனுக்கு ரத்த ஓட்டமே குறைந்து சிறுநீரகம் சுணங்கிவிடும். இதோடு பேதியையும் சேர்த்தால் உங்கள் 83 மில்லி எங்கே போகும் என்று பாருங்கள்.

தாழங்காடு

அப்படியானால் கலந்த தண்ணீர்? ஐந்து லிட்டரில் ஒன்றேகால் லிட்டர்?

உப்புக்கணக்கு

சந்தேகப்பேர்வழி கணக்குப்படியே போட்டால், அந்த ஒன்றேகால் லிட்டரைக் கழிக்க 1.15 லிட்டர் சிறுநீர் வேண்டும். லாபம் 100 மில்லி. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 25 மில்லி. இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கிற சின்ன மூடியில் இரண்டரை மூடி. எல்லாம் கச்சிதமாக அமைந்தால் இது.

என் கணக்குப்படி போட்டால், சுமார் 44 கிராம் உப்பை வெளியேற்ற 2.2 லிட்டர். அதாவது ஆளுக்குக் கால் லிட்டர் நட்டம். உடம்பு அதை அன்றைக்கே கழித்திருக்காது. தேக்கி வைத்துக்கொண்டு தாகமாகக் காட்டியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் அளவு கூடவில்லை, கூடியதுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த ஐந்து லிட்டரை அப்படியே ஆளுக்கு ஒன்றேகால் லிட்டராகப் பிரித்துக் குடித்திருக்கலாம்.

நாட்டுமருந்து

எல்லாரும் கடலைப் பற்றி இப்படிப் பயமுறுத்துகிறீர்கள். நம் ரத்தமும் கடல் தண்ணீரும் ஒரே அமைப்பு. தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் கடல் தண்ணீர் குடித்தால் 80-க்கும் மேற்பட்ட தாதுக்கள் கிடைக்கும் என்று வீடியோ போட்டிருக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் உப்புத் தண்ணீர்தானே? அதை மட்டும் டாக்டரே கொடுக்கிறார்.

உப்புக்கணக்கு

இரண்டு ஸ்பூனில் யாரும் சாகமாட்டார்கள். அதில் வருவது ஒரு சிட்டிகை உப்பு, கூடவே துறைமுக டீசலும் சாக்கடையும்.

ஓ.ஆர்.எஸ். பற்றிக் கேட்டதற்கு நன்றி. அந்தப் பாக்கெட்டில் லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். மொத்தச் செறிவு 245, ரத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவு. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே நுழைகிற வாசல் ஒன்று இருக்கிறது. அவை போகிற பின்னால் தண்ணீரும் போகும். அதே உப்பு 35 கிராமாகும்போது போக்கு தலைகீழாகிவிடுகிறது, குடல் தண்ணீரைத் திருப்பிக் கேட்கிறது. ரத்தமும் கடலும் ஒரே அமைப்பு என்பதில் அந்த நான்கு மடங்கை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பழைய மாலுமி

வீடியோ போடுகிறவன் எவனும் நடுக்கடலில் கிடந்திருக்கமாட்டான்.

இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பியவர்களின் உயிர்காப்புப் படகுப் பயணங்கள் 163-ஐப் பின்னால் பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். கடல் தண்ணீர் குடித்தவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். குடிக்காதவர்களில் 3 சதவீதம்.

1945 ஜூலை 30-ஆம் தேதி பசிபிக்கில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் கப்பல் மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் நான்கு நாள் தண்ணீரில் மிதந்தார்கள். சுறா பிடித்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடித்துப் புத்தி பேதலித்தவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை. கப்பல் கீழேதான் இருக்கிறது, அங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று உள்ளே முங்கியவர்கள் உண்டு. தாழங்காடு தம்பி, உன் படகுப் பையன் "கரை தெரியுது" என்றதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

சந்தேகப்பேர்வழி

39-க்கு 3 என்பது பயங்கரமான எண்தான். ஆனால் ஐயா, ஏற்கெனவே நல்ல தண்ணீர் தீர்ந்து சாகக் கிடந்தவர்கள்தானே கடல் தண்ணீரைக் குடித்திருப்பார்கள்? குடித்ததால் செத்தார்களா, சாகப்போகிறவர்கள் குடித்தார்களா? முறையாகச் சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்.

பழைய மாலுமி

முதல் பாதி நியாயம். இரண்டும் கலந்துதான் அந்த எண்ணில் இருக்கும்.

சோதனை என்றாயே, அதையும் செய்துவிட்டார்கள். 1944-இல் டாக்காவ் வதைமுகாமில் ஐரோப்பாவின் ரோமா, சின்ட்டி நாடோடி இனக் கைதிகள் நாற்பத்துச் சொச்சம் பேருக்குக் கடல் தண்ணீரையும், சுவை மட்டும் மாற்றிய கடல் தண்ணீரையும் கொடுத்துப் பார்த்தது நாஜி விமானப்படை. துடைத்துவிட்டுப் போன தரையில் இருந்த ஈரத்தை அவர்கள் நக்கினார்கள் என்று நியூரம்பர்க் விசாரணையில் சாட்சி பதிவாகியிருக்கிறது. நடத்திய மருத்துவர் வில்ஹெல்ம் பைகல்பெக்குக்கு 1947-இல் பதினைந்து வருடத் தண்டனை. இதற்கு மேல் சோதனை வேண்டாம்.

சந்தேகப்பேர்வழி

வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன், ஐயா. இது எனக்குத் தெரியாது.

திண்ணைப்பூனை

கனமாகிவிட்டது. பேச்சை மாற்றுகிறேன், தப்பாக நினைக்கவேண்டாம். பூனை கடல் தண்ணீர் குடித்து உயிர்வாழும் என்று எங்கோ படித்தேன். உண்மையா? எங்கள் வீட்டு மகாராணி மீன் கழுவிய தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

விலங்கியல் வாத்தியார்

உண்மைதான் அம்மா. 1959-இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய பூனைகள் கடல் தண்ணீரைக் கொண்டு ஓரளவு தேறின. பூனையின் சிறுநீர்ச் செறிவு 3000 மில்லிஆஸ்மோலைத் தாண்டும், நம்மைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வீட்டில் பூனை மூத்திரம் போனால் மூக்கைத் துளைக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காகப் பூனைக்குக் கடல் தண்ணீர் வைத்துவிடாதீர்கள். முடியும் என்பது வேறு, நல்லது என்பது வேறு.

இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்திய பழக்கம், ஆரம்பித்தால் நிற்காது. மூத்திரச் செறிவில் உயிரினங்களுக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வு பிரமாதமானது. ஆற்றில் வாழ்கிற பீவருக்கு 500-தான் எட்டும், அதற்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாதே. மனிதனுக்கு 1200. ஒட்டகத்துக்கு 2800-ஐ ஒட்டி. அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலிக்கு 5500. ஆஸ்திரேலியாவில் தத்தி ஓடும் ஒரு சுண்டெலி 9000-ஐத் தாண்டும். சிறுநீரகத்தில் ஹென்லே வளையம் என்று ஊசியின் காது மாதிரி வளைந்த குழாய்கள் இருக்கின்றன. பாலைவன எலிகளுக்கு அவை உடம்பின் அளவை வைத்துப் பார்த்தால் மிக நீளம், பீவருக்குக் குட்டை.

கங்காரு எலி தண்ணீரே குடிக்காது. உலர்ந்த விதைகளைத் தின்று, அவை உடம்பில் எரியும்போது உண்டாகிற தண்ணீரிலேயே காலம் தள்ளிவிடும். நார்வேயில் பிறந்த உடலியல் அறிஞர் க்னுட் ஷ்மிட்-நீல்சன் அதற்குச் சோயா பீன்ஸை மட்டும் கொடுத்தார். புரதம் அதிகம், யூரியாவும் அதிகம், தண்ணீர் குடித்தே ஆகவேண்டிய நிலை. அப்போது கடல் தண்ணீரை வைத்தார். குடித்தது, சௌகரியமாக இருந்தது. அந்த எலிக்குக் கடலும் காவிரியும் ஒன்றுதான்!

ஒட்டகம் பற்றி யாராவது கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். குஜராத்தின் கட்ச் பகுதியில் காராய் என்று ஒரு ஒட்டக இனம் உண்டு. கடலில் நீந்தித் திட்டுகளுக்குப் போய் அலையாத்தி இலை மேயும். அவ்வளவு உப்பான இலையைத் தின்கிற ஒட்டகமே குடிப்பதற்கு நல்ல தண்ணீர் தேடித் திரும்பி வருகிறது.

திண்ணைப்பூனை

அப்புறம் கடலிலேயே கிடக்கிற ஆமை, பறவை, திமிங்கிலம் எல்லாம் என்ன குடிக்கின்றன?

விலங்கியல் வாத்தியார்

இங்கேதான் விஷயம் அழகாகிறது. அவற்றில் பலவற்றின் சிறுநீரகம் நம்முடையதைவிட மோசம். பறவை, ஊர்வன இனங்களின் சிறுநீரகத்தால் உப்பைப் பெரிதாகச் செறிவாக்க முடியாது. அதனால் அவை வேறு வாசல் வைத்துக்கொண்டன. 1957-இல் அதே ஷ்மிட்-நீல்சன் நீர்க்காகத்துக்குக் கடல் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பார்த்தார். அலகின் நுனியில் சொட்டுச் சொட்டாக ஏதோ வடிந்தது. கண்ணுக்கு மேலே மண்டையோட்டில் இருந்த உப்புச் சுரப்பியின் வேலை அது. கடற்காகம் ஒன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு கடல் தண்ணீரைப் புகட்டினார். மூன்று மணி நேரத்தில் உப்பையெல்லாம் கிட்டத்தட்டக் கழித்துவிட்டது. மனிதக் கணக்கில் அது ஏழு லிட்டர்.

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இருட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் "பிரசவ வேதனையில் ஆமை அழுதது" என்பார்கள். அழவில்லை. கண்ணோரத்துச் சுரப்பி உப்பைத் தள்ளுகிறது. கடலுக்குள்ளும் அது அப்படித்தான் "அழுது"கொண்டிருக்கும், நமக்குத் தெரிவதில்லை. கலாபகோஸ் தீவின் கடல் உடும்பு மூக்கால் தும்மித் தள்ளும். செம்மூக்கு முதலைக்கு நாக்கில் சுரப்பி. எலும்பு மீன்கள் கடலைக் குடித்துச் செவுள் வழியே உப்பைத் துப்பும்.

திமிங்கிலமும் சீலும் பெரும்பாலும் குடிப்பதே இல்லை. தின்கிற மீனிலேயே தண்ணீர் இருக்கிறது, கொழுப்பு எரிந்தாலும் தண்ணீர் கிடைக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பு. வாழ்நாள் முழுக்கக் கடலில். நாக்கின் அடியில் உப்புச் சுரப்பியும் உண்டு. ஆனாலும் கடலைக் குடிப்பதில்லை. மழை பெய்து கடலின் மேல் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக மிதக்கும்வரை வற்றிப்போய்க் காத்திருக்கும்.

கீரிமலையான்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. ஐயா கடைசியாகச் சொன்ன அந்த மிதக்கிற நல்ல தண்ணீர்தான் எங்கட வாழ்க்கையே. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே மழைநீர் ஒரு வில்லை மாதிரித் தேங்கி, அடியில் இருக்கிற கடல் நீரின் மேல் மிதக்குது. நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால் கலக்காமல் மேலே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டரை இறைத்தீர்கள் என்றால் கீழேயிருந்து நாற்பது மீட்டர் சவர் ஏறி வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலையில் கடல் அலை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி.

அதனால் கடற்கரையில் தாகத்தோடு ஒதுங்கினால் கடலைப் பார்க்காமல் மணலைப் பாருங்கோ. அலைக்கு மேலே, மேட்டுப் பக்கமாக ஆழமில்லாமல் தோண்டினால் ஊறும். ஆழத் தோண்டினால் கெட்டுப்போம்.

பழைய மாலுமி

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகும் தங்கியவர்கள் இப்படிக் கையால் மணலைப் பறித்துத்தான் குடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் சிரட்டையால் மொண்டு குடிக்கிற தண்ணீர். நானே குடித்திருக்கிறேன்.

சந்தேகப்பேர்வழி

பிரெஞ்சு மருத்துவர் அலன் போம்பார் 1952-இல் ரப்பர் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தாரே? கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் பிழைக்கலாம் என்று நிரூபித்ததாகச் சொல்வார்கள். கடைசிக் கேள்வி, இதற்கு மேல் வம்பு பண்ணமாட்டேன்.

பழைய மாலுமி

கேளுப்பா, கேட்டால்தான் இழை ஓடும்.

போம்பார் கேனரித் தீவிலிருந்து பார்படோஸ் வரை 65 நாள் போனார். கடல் தண்ணீரைக் குடித்தார், பொய்யில்லை. ஆனால் கூடவே மீனைப் பிழிந்த சாற்றையும் குடித்தார், மழையும் பெய்தது, ஐம்பத்து மூன்றாம் நாள் ஒரு கப்பலில் ஏறிச் சாப்பிட்டார். இறங்கும்போது இருபத்தைந்து கிலோ குறைந்திருந்தார். அடுத்த சில வருடங்களில் ஜெர்மன் மருத்துவர் ஹான்னஸ் லிண்டெமன் இரண்டு முறை தனியாக அதே கடலைக் கடந்துவிட்டு, கடல் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொன்னார். நான் லிண்டெமன் கட்சி.

மீன் சாற்றில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எலும்பு மீனின் உடம்பில் உப்பு கடலில் மூன்றில் ஒரு பங்குதான். வாத்தியார் சொன்ன செவுள் வேலை. மீன் நமக்காக வடிகட்டி வைத்திருக்கிறது. ஆமை ரத்தமும் அப்படி. 1942-இல் பென் லோமண்ட் கப்பலிலிருந்து தப்பிய சீன மாலுமி பூன் லிம் 133 நாள் தெப்பத்தில் தனியாகக் கிடந்து பிரேசில் மீனவர்கள் கையில் கிடைத்தார். கித்தானில் மழையைப் பிடித்தார், மழை இல்லாதபோது பறவையின் ரத்தம்.

உப்புக்கணக்கு

மாலுமி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது மீன் சதையைத் தின்னக்கூடாது. புரதம் யூரியாவாகும், யூரியாவுக்குத் தண்ணீர் கட்டவேண்டும்.

பையனுக்கு ஏன் நான்கு நாள் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ரத்தச் சோடியம் 135 முதல் 145 வரை இருக்கவேண்டும். அது எகிறும்போது மூளைச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறிச் செல்கள் சுருங்கும். கரை தெரிவது அப்போதுதான். சரி, நிறையத் தண்ணீரை ஏற்றிச் சட்டென்று இறக்கிவிடலாமே என்றால், சுருங்கப் பழகிய மூளை உப்பிவிடும், அது இன்னும் ஆபத்து. அதனால் நாளுக்குச் சில புள்ளிகளாக மெதுவாக இறக்குவார்கள்.

திண்ணைப்பூனை

காய்ச்சிக் குடித்தால்? சிரிக்காதீர்கள்.

உப்புக்கணக்கு

காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் கடலின் மேல் நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்துக் குடிநீர் எடுக்கிறார்கள், நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். சென்னைப் பக்கம் நெம்மேலியில் கடல் தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். படகில் அடுப்பும் ஒரு மூடியும் இருந்தால் கொஞ்சம் தேறும், ஆனால் தளும்புகிற ஃபைபர் படகில் யார் செய்வது?

பழைய மாலுமி

தாழங்காடு, என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஐஸ்?

தாழங்காடு

ஐயா, வேண்டுமென்றே தள்ளிப்போடவில்லை. மாமாவிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். நேற்று ராத்திரி எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆளுக்கு 25 மில்லி என்றதும் "மூடி கணக்குல வந்துடுச்சே" என்று சிரித்தார். கடல் தண்ணீரைக் கேனில் ஊற்றச் சொன்னது தான்தான் என்று அப்போதுதான் சொன்னார். மற்ற இருவரும் வேண்டாம் என்றார்களாம்.

ஐஸைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மீன் பெட்டியில் நான்கு பார் ஐஸ் உடைத்துப் போட்டிருந்தார்களாம். முதல் நாள் மாலையிலேயே பாதி உருகிவிட்டது. எஞ்சின் ஓடாத படகில் பாரம் எதற்கு என்று, மீனையும் ஐஸ் தண்ணீரையும் சேர்த்துக் கடலில் கொட்டிவிட்டார்கள்.

உப்புக்கணக்கு

ஐயோ. மீன் கவிச்சு, கிருமி, எல்லாம் இருக்கும்தான். ஆனாலும் அது நல்ல தண்ணீர்.

பழைய மாலுமி

மாமாவைக் கடிந்துகொள்ளாதே தம்பி. பதற்றத்தில் பாரம் குறைக்கிறது எல்லா மாலுமியும் செய்கிற வேலை. பையனைக் கயிற்றில் கட்டினாரே, அது எத்தனை பேருக்குத் தோன்றும்?

தாழங்காடு

கடியவில்லை ஐயா. இன்று காலையில் துறைக்குப் போனேன். அணியத்தில் புதிதாக இரண்டு கேன்கள் கட்டியிருக்கிறது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. எதற்கு என்று கேட்டேன். "முதல்ல உருகுறத அதுல பிடிச்சு வைக்கணும், அப்புறந்தான் மீன்" என்றார்.